பயமில்லாத பையம்: ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர் பிறந்த கதை

இந்த இதழில் ஒரு டிரெய்லர்காரரின் வாழ்க்கை. சினிமா டிரெய்லர் இல்லை, காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற டிரெய்லர். பெயர் வாலி பையம். ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே எழுத்துக்கூட்டிப் படித்தால் 'பயம்' என்று வரும். மனிதருக்கோ அதுதான் கொஞ்சம்கூட கிடையாது. 'வாலி' என்றதும் நமக்கு ராமாயணமோ பாட்டு எழுதிய கவிஞரோ ஞாபகம் வரும். ஆனா உலகத்தில் கேம்பிங் போறவங்க கிட்ட இந்தப் பேரைச் சொன்னா, பளபளன்னு வெள்ளிக் குடம் மாதிரி இருக்கும் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்தான் ஞாபகம் வரும்.

இவரைப் பற்றி இப்போ ஏன் எழுதணும்? எங்க டீமில் ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ஒரு ஐடியா ஓடிட்டு இருக்கு. ஆஃப்-ரோடு கேம்பிங் டிரெய்லர். ஜீப்புக்குப் பின்னாடி மாட்டலாம், ரெண்டு பேர் படுக்கலாம், ஒரு சின்ன கிச்சன், தண்ணி டேங்க், கரடுமுரடான மலைப் பாதையிலும் போகணும். செய்யலாமா வேண்டாமா என்று மூணு வாரமாக வாதம். செலவு நாலு பேர் வீட்டுப் பணம். மார்க்கும் இதை நம்பித்தான் இருக்கு. அந்த வாதத்துக்கு நடுவில்தான் பையம் வாழ்க்கையைப் படித்தேன். அவருக்கும் இதே கேள்வி வாழ்நாள் முழுக்க வந்துகொண்டே இருந்திருக்கிறது.

கழுதை வண்டியில் ஆரம்பம்

1896 ஜூலை 4. அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று, ஓரிகன் மாநிலத்தில் பேக்கர் சிட்டி என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதில் ஆடு மேய்க்கிற வேலைக்குப் போனார். மேய்ச்சல் நிலத்தில் மந்தையோடு நாள் கணக்காகத் தங்கணும். அப்போது அவருக்கு வீடாக இருந்தது ரெண்டு சக்கரக் கழுதை வண்டி. அதில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், சாப்பாட்டுச் சாமான், தண்ணி, ஒரு வாளி, ஒரு படுக்கைப் பை. அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்க, இன்னிக்கு நாம போடுற கேம்பிங் டிரெய்லர் ஸ்பெசிஃபிகேஷன் இதே லிஸ்ட்தான். சோலார் பேனல் மட்டும் சேர்த்திருக்கோம்.

எம்.கே.பி. நகர், வியாசர்பாடி பக்கம் இருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்லை. துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் டிரெய்லர்கள் எண்ணூர் ரோட்டிலும் மணலி ரோட்டிலும் வரிசையாக நிற்கும்போது பாருங்க. டிரைவர் அண்ணன்கள் வண்டி ஓரமாக உட்கார்ந்து ஸ்டவ் பற்ற வைத்து சோறு வடிப்பாங்க. கேபினுக்குள் படுக்கை, பக்கவாட்டுப் பெட்டியில் அரிசி, பருப்பு, பாத்திரம், கேனில் தண்ணி. இன்ஸ்டாகிராமில் அதற்குப் பேர் ஓவர்லாண்டிங். நம்ம ஏரியாவில் அதற்குப் பேர் வேலை.

தப்பான டிராயிங்

பையம் அடுத்து கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பல் அறைகளில் குறைந்த இடத்தில் எல்லாச் சாமானையும் அடுக்கி வாழ்வது எப்படி என்பதை அங்கே பார்த்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்து 1921-ல் பட்டம் வாங்கினார். கவனிக்கணும், அவர் படித்தது இன்ஜினியரிங் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் விளம்பர வாசகம் எழுதினார், பிறகு சொந்தமாகப் பத்திரிகைகள் நடத்தினார்.

அதில் ஒரு பத்திரிகையில், வீட்டிலேயே டிரெய்லர் செய்வது எப்படி என்று ஒரு கட்டுரை படங்களோடு வந்தது. வாசகர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். செய்தபின் புகார் கடிதங்கள் வர ஆரம்பித்தன. பையம் நினைத்திருந்தால் எழுதியவர் மேல் பழியைப் போட்டு அடுத்த இதழுக்குப் போயிருக்கலாம். அவர் அந்த டிராயிங்கை எடுத்து, தானே அதன்படி செய்து பார்த்தார். வாசகர்கள் சொன்னது சரி, டிசைன் உதவாது என்று தெரிந்தது.

அங்கேதான் அவர் டிரெய்லர் பக்கம் திரும்பினார். பேப்பரில் அழகாக இருக்கும் டிராயிங்கும் ரோட்டில் ஓடும் வண்டியும் வேறு வேறு என்ற பாடம் அவருக்கு முதல் நாளே கிடைத்துவிட்டது. நமக்கு அது கேட் மாடலை ரெண்டர் பண்ணி முடித்த பிறகும் கிடைப்பதில்லை.

நின்றால் தலை இடிக்கக் கூடாது

அவர் சொந்தமாகச் செய்த முதல் வண்டி, ஃபோர்டு மாடல் டி காரின் சேஸிஸ் மேல் ஒரு டென்ட். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னா, புதுப்பேட்டையில் பழைய சேஸிஸ் வாங்கி மேலே டென்ட் கட்டின மாதிரி. மனைவி மேரியனுக்கு கேம்பிங் போக ஆசைதான், ஆனால் சமையலறை இல்லாமல் வர அவர் தயாராக இல்லை. போதாததற்கு ஒவ்வொரு முறையும் டென்ட்டை விரித்து நிறுத்துவது பெரிய வேலை. மழை பெய்தால் இன்னும் மோசம்.

அதனால் டென்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, தண்ணீர்த் துளி வடிவத்தில் கெட்டியான ஒரு கூடு செய்தார். உள்ளே தூங்க இடம், ஒரு ஸ்டவ், ஒரு ஐஸ் பெட்டி. ரோட்டில் போகும்போது ஜனங்கள் நிறுத்தி விசாரித்தார்கள். எப்படிச் செய்தார் என்று அவரே ஒரு கட்டுரை எழுதினார். 100 டாலருக்குள் செய்துவிடலாம் என்று அதில் விளக்கினார். டிராயிங் செட்டைத் தபாலில் விற்றார். பிறகு அக்கம்பக்கத்தார் செய்து தரச் சொல்லிக் கேட்க, வீட்டுக் கொல்லையே பட்டறை ஆனது. 1931-ல் அது கம்பெனி ஆனது. காற்றில் ஓடை மாதிரி வழுக்கிப் போகணும் என்பதால் ஏர்ஸ்ட்ரீம் என்று பெயர் வைத்தார்.

அந்தக் காலத்து டிரெய்லர்களில் தளம் ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும். உயரம் குறையணும் என்றால் கூரையைத் தாழ்த்தணும், அப்புறம் உள்ளே குனிந்தபடிதான் நடக்கணும். பையம் தளத்தைக் கீழே இறக்கி ரெண்டு சக்கரத்துக்கும் நடுவில் வைத்தார். கூரையைக் கொஞ்சம் உயர்த்தினார். ஆள் நிமிர்ந்து நிற்கலாம், புவியீர்ப்பு மையமும் கீழே வந்துவிட்டது.

இது எங்க டீம் வாதத்தில் நேராகப் போய் இடிக்கிற விஷயம். தளம் கீழே இறங்கினால் வண்டி நிதானமாக ஓடும், வளைவில் கவிழாது. ஆனால் ஆஃப்-ரோடு என்றால் கல்லும் பள்ளமும் இருக்கும், வயிறு தட்டக் கூடாது, அதற்குத் தரையிலிருந்து உயரம் வேணும். ரெண்டும் ஒரே வண்டியில் முழுசாகக் கிடைக்காது. பையம் நின்று நடக்கிற வசதியைத் தேர்ந்தெடுத்தார், ஏன்னா அவருடைய முதல் வாடிக்கையாளருக்குத் தேவை சமையலறை. நம்ம வண்டி யாருக்கு என்று தெரியாமல் தளத்தின் உயரத்தை முடிவு பண்ண முடியாது.

அடுத்தவர் ஐடியாவை எடுத்துக்கொண்டவர்

ஹாலி பௌலஸ் என்று ஒருவர். கிளைடர் விமானங்கள் செய்தவர். 1927-ல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக் கடலைத் தனியாகத் தாண்டிய விமானம் சான் டியாகோவில் உருவானபோது அந்த வேலையை மேற்பார்வை பார்த்தவர். 1934-ல் அவர் விமானம் செய்கிற முறையிலேயே அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து ஒரு டிரெய்லர் செய்தார். பெயர் ரோடு சீஃப். அபாரமான வேலை. ஆனால் கதவு முன்பக்கம், காரோடு மாட்டுகிற ஹிட்ச்சுக்கு மேலே இருந்தது. உள்ளே போகணும்னா இழுவைக் கம்பியைத் தாண்டி ஏறணும். வியாபாரம் நிலைக்கவில்லை.

அந்த டிரெய்லரை விற்றுக் கொடுக்கும் வேலையைக் கொஞ்ச நாள் செய்தவர் பையம். பிளைவுட்டில் தான் செய்வதைவிட அலுமினியக் கூடு எவ்வளவோ மேல் என்று அவருக்குப் புரிந்தது. தன் டிசைன்தான் பெரிசு என்று அவர் அடம்பிடிக்கவில்லை. பௌலஸின் கம்பெனி மூடியபோது அந்தக் கட்டுமான முறையை எடுத்துக்கொண்டு, கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றினார். 1936 ஜனவரியில் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் வெளிவந்தது. நாலு பேர் தூங்கலாம், சொந்தத் தண்ணி வசதி, உள்ளே மின்விளக்கு. விலை 1,200 டாலர். அன்றைக்கு ஒரு புது ஃபோர்டு காரின் விலையைவிட அதிகம்.

இந்தக் கட்டுமானத்தின் ரகசியம் நமக்குத் தெரிந்த இடத்திலேயே இருக்கு. எம்.கே.பி. நகரிலிருந்து பெரம்பூர் ஐ.சி.எஃப். எவ்வளவு தூரம்? 1955 அக்டோபர் 2-ல் திறந்த அந்தத் தொழிற்சாலையின் பெயரிலேயே 'இன்டெக்ரல்' என்று இருக்கு. பழைய ரயில் பெட்டிகளில் கீழே கனமான சட்டம், அதன் மேல் தனியாக மரக் கூடு. எடையைத் தாங்குவது சட்டம் மட்டும்தான். இன்டெக்ரல் பெட்டியில் தளம், பக்கச் சுவர், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே குழாய் மாதிரி லோடைத் தாங்கும். விமானமும் அப்படித்தான். பையம் டிரெய்லரும் அப்படித்தான். எடை குறையும், பலம் குறையாது.

அந்த எடைக் குறைவை ஜனங்களுக்குக் காட்ட 1947-ல் ஒரு வேலை செய்தார்கள். அல்ஃப்ரெட் லெதூர்னர் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரரைக் கூப்பிட்டு, ஒரு டிரெய்லரை அவர் சைக்கிளில் கட்டி இழுக்க வைத்து போட்டோ எடுத்தார்கள். விளம்பரம் எழுதிப் பழகின மூளை இல்லையா!

1930-களின் நடுவில் அமெரிக்காவில் 400-க்கும் மேற்பட்ட டிரெய்லர் கம்பெனிகள் இருந்தன. பெரும்பாலானவை காணாமல் போய்விட்டன. பையமும் கடையை மூட வேண்டி வந்தது. இரண்டாம் உலகப் போரில் அலுமினியம் முழுக்க விமானங்களுக்குப் போய்விட்டது, டிரெய்லருக்குக் கிடைக்கவில்லை. அவர் விமானத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போனார். தகடு வளைப்பது, ரிவெட் அடிப்பது எல்லாவற்றையும் அங்கே இன்னும் நெருக்கமாகப் பார்த்தார். போர் முடிந்து 1948-ல் மறுபடி சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார். 1952-ல் ஒஹாயோ மாநிலத்தின் ஜாக்சன் சென்டரில் ரெண்டாவது தொழிற்சாலை. இன்றைக்கும் ஏர்ஸ்ட்ரீம் அங்கேதான் தயாராகிறது.

63 கிளம்பியது, 14 முடித்தது

இதுவரைக்கும் ஒரு நல்ல தொழிலதிபரின் கதை. ஆனா எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் இனிமேல் வருவதுதான்.

1951 கடைசியில், அமெரிக்க எல்லையில் இருக்கும் எல் பாசோவிலிருந்து மெக்சிகோ வழியாக மத்திய அமெரிக்காவுக்குத் தன் வாடிக்கையாளர்களை டிரெய்லர்களோடு கூட்டிக்கொண்டு கிளம்பினார். மொத்தம் 63 டிரெய்லர்கள். பல இடங்களில் ரோடு என்று சொல்ல எதுவும் இல்லை. ஆற்றைக் கடக்கணும், மலை ஏறணும், புழுதி, சேறு. டயர் வெடித்தது, ஸ்பிரிங் உடைந்தது, கார்கள் படுத்தன, மனுஷங்களுக்குள் சண்டை வந்தது. கடைசி வரை போனது 14 டிரெய்லர்கள்தான்.

63-க்கு 14. நம்ம கணக்கில் இது அரியர். அதுவும் சொந்தக் கம்பெனி வண்டி, சொந்த வாடிக்கையாளர்கள், அவர்கள் கண் முன்னாடியே. வேறு ஆளாக இருந்தால், எங்கள் டிரெய்லர் நல்ல ரோட்டுக்கு மட்டும் என்று லேபிள் ஒட்டி முடித்திருப்பார். பையம் எதெது எங்கே உடைந்தது என்று பார்த்து, அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த் திருத்தினார். அவருக்கு இந்த ஊர்வலங்கள் சுற்றுலா மட்டும் இல்லை, சோதனைக் கூடமும் அதுவே. அடுத்தடுத்து கேரவன்களை நடத்தினார். 1955-ல் அவர் பெயரிலேயே ஒரு கேரவன் கிளப் உருவானது. 1956-ல் ஐரோப்பா.

அப்புறம் 1959. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து எகிப்தின் கெய்ரோ வரை, ஆப்பிரிக்காவின் கீழ் முனையிலிருந்து மேல் முனைக்கு. 41 டிரெய்லர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள். அவர்களில் நிறையப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். நம்ம தாத்தா பாட்டி வயசு. பையம் தன் டிரெய்லருக்கு மட்டும் தங்க நிறம் ஏற்றியிருந்தார். மழைச் சேற்றில் வண்டிகள் புதைந்தன, கயிறு கட்டி இழுத்தார்கள். எத்தியோப்பியாவின் மலைப் பாதைகள் வண்டிகளை உலுக்கி எடுத்தன. அடிஸ் அபாபாவில் பேரரசர் ஹெய்லி செலாசி அவர்களை வரவேற்றார். கடைசியில் 1960-ல் எகிப்து போய்ச் சேர்ந்து, பிரமிடுகளுக்கு முன்னால் டிரெய்லர்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

63-ல் 14 என்ற அந்தப் பயணம் இல்லாமல் இந்தப் படம் இல்லை.

1962 ஜூலை 22-ல் பையம் இறந்தார். வயது 66. ஏழு வருஷம் கழித்து, 1969-ல் அப்போலோ 11 விண்வெளி வீரர்கள் நிலாவிலிருந்து திரும்பியபோது, நிலாவிலிருந்து கிருமி ஏதாவது வந்துவிடுமோ என்று அவர்களைத் தனிமையில் வைத்தார்கள். கப்பலில் இறங்கியதிலிருந்து ஹூஸ்டன் போய்ச் சேரும் வரை அவர்கள் இருந்த பெட்டி, சக்கரம் இல்லாத ஒரு ஏர்ஸ்ட்ரீம். கழுதை வண்டியில் ஆரம்பித்த ஐடியா நிலாப் பயணம் வரை போய்விட்டது.

சரி, செய்யலாமா வேண்டாமா?

பையம் வாழ்க்கையை வைத்து இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் எதைப் பார்த்து முடிவு எடுத்தார் என்பது தெளிவாக இருக்கு. ஆசை இருக்கா, திறமை இருக்கா என்று பார்த்து இல்லை. முதலில் யாருக்கு எது தேவை என்று பார்த்தார். அடுத்து, வேறு யாராவது நன்றாகச் செய்திருக்கிறார்களா என்று பார்த்தார், இருந்தால் கூச்சப்படாமல் எடுத்துக்கொண்டார். மூணாவது, தானே கொண்டுபோய் உடைத்துப் பார்த்தார்.

இதை நம்ம புராஜெக்ட்டுக்குப் போட்டுப் பார்த்தால் சில விஷயம் உடனே தெளிவாகுது.

ஒண்ணு, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பதிவு இல்லாமல் பொது ரோட்டில் இழுக்க முடியாது. பையம் காலத்தில் கொல்லைப்புறத்தில் செய்து நேராக ரோட்டுக்குக் கொண்டுபோன மாதிரி இப்போ நடக்காது. அதனால் கொல்லிமலைக்குப் போறோம் என்ற கனவை இந்த செமஸ்டர் கணக்கில் சேர்க்கக் கூடாது. காலேஜ் மைதானம்தான் நம்ம ஆப்பிரிக்கா.

ரெண்டு, எடை. டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் உட்காரணும். 700 கிலோ வண்டி என்றால் 70 முதல் 105 கிலோ. அதைவிடக் குறைந்தால் வேகத்தில் வண்டி வால் ஆட்டும், இழுக்கிற காரையும் சேர்த்து ஆட்டும். தண்ணி டேங்க்கை ஆக்ஸிலுக்குப் பின்னாடி தள்ளி வைக்கிற டிசைன் அழகாக இருக்கலாம், ஆனால் டேங்க் நிறைந்ததும் கணக்கு மாறிடும். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, மறக்கக் கூடாது.

மூணு, எதைச் செய்வது. படுக்கை, கிச்சன், சோலார் எல்லாம் கடைசியில் வரவேண்டியவை. கிளம்பின 63-ல் 49 பின்தங்கியது மெத்தை சரியில்லை என்பதால் இல்லை.

அதனால் எங்க டீம் கூட்டத்தில் நான் வைத்த முடிவு இதுதான். டிரெய்லர் செய்ய வேண்டாம், சேஸிஸ் மட்டும் செய்வோம். சட்டம், ஆக்ஸில், ஸ்பிரிங், ஹிட்ச், அவ்வளவுதான். மேலே மணல் மூட்டையை ஏற்றி, மைதானத்தில் கல்லும் பள்ளமும் போட்டு இழுப்போம். எந்த வெல்டிங் விடுது, எந்த போல்ட் தளருது, எங்கே வளையுது என்று எழுதி வைப்போம். அது தாங்கினால் அடுத்த வருஷ ஜூனியர்கள் மேலே கூடு கட்டட்டும். தாங்கலைன்னா எங்கே உடைந்தது என்ற ரிப்போர்ட்டே நல்ல புராஜெக்ட். நாலு பேரில் ரெண்டு பேர் சரின்னுட்டாங்க. மூணாவது ஆளுக்கு இன்னும் சோலார் பேனல் மேல்தான் கண்ணு.

நம்ம ஏரியாவில் டிரெய்லரைப் பற்றித் தெரிந்தவங்களுக்குப் பஞ்சமே இல்லை. இழுவை ரோட்டில் வருஷக்கணக்கா ஓட்டின டிரைவர் அண்ணன் ஒருத்தர் கிட்ட, லோடு முன்னாடி ஏறினா என்ன ஆகும், பின்னாடி ஏறினா என்ன ஆகும் என்று கேளுங்க. ஒரு டீ வாங்கிக் கொடுத்தா போதும், நம்ம கேட் மாடல் சொல்லாததை அவர் சொல்லிடுவார். வாசகர் கடிதத்தைப் படிச்சு டிராயிங்கை எடுத்துச் சோதித்துப் பார்த்த பையமும் அதைத்தான் செய்தார்.